முட்டிக்குள் வட்டமாகப் பிறந்த மெனிஸ்கஸ்: கிழிந்தால் என்ன, கிழியாவிட்டால் என்ன

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘டிஸ்காய்ட் லேட்டரல் மெனிஸ்கஸ்’ என்று ஒரு வரி இருக்கும். சில சமயம் அதற்குக் கீழேயே ‘ஹொரிசாண்டல் டேர்’ என்று இன்னொரு வரியும் இருக்கும். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் கூகலில் தேடித் தேடி, பிள்ளை இனிமேல் ஓடவே மாட்டானோ என்கிற அளவுக்குப் பயந்துபோகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: முதல் வரி, முட்டிக்குள் எடை தாங்கும் வெளிப்பக்க மெத்தை பிறையாக இல்லாமல் வட்டாக இருக்கும் ஒரு பிறவி அமைப்பைச் சொல்கிறது, அதை நோய்க் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அந்த மெத்தை கிடைமட்டமாகக் கிழிந்திருக்கிறது என்று சொல்லும் இரண்டாவது வரிதான் யோசிக்க வேண்டியது, அதுவும் வலியோ வேறு தொந்தரவோ இருந்தால்.

முட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு. தொடை எலும்பின் அடிமுனை இரண்டு உருண்டைகளாக முடிகிறது, அவை வந்து உட்காரும் கீழ்க்கால் எலும்பின் மேல்பரப்போ கிட்டத்தட்ட தட்டை. உருண்டையைத் தட்டையின்மேல் வைத்தால் சின்ன ஓர் இடத்தில்தான் தொடும், ஆடும், உடம்பின் எடை முழுவதும் அந்த ஓர் இடத்திலேயே இறங்கும். பொங்கல் பானையை இறக்கித் தரையில் வைக்கும்போது அடியில் பிரிமணை வைப்பார்களே, அந்த வேலையைத்தான் மெனிஸ்கஸ் செய்கிறது. உருண்டையைச் சுற்றி அணைத்துக்கொண்டு, தொடும் பரப்பை அகலமாக்கி, எடையைப் பிரித்துக் கொடுக்கிறது.

ஒவ்வொரு முட்டியிலும் இரண்டு மெனிஸ்கஸ் உண்டு, உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இரண்டும் பிறை வடிவம். வெளி விளிம்பு தடிமன், உள்ளே போகப் போக மெல்லிசு, நடுவில் ஒன்றும் இருக்காது. எலும்பு முனைகளின் மேல் வழவழப்பாக ஒட்டியிருக்கும் குருத்தெலும்பு வேறு, இந்த மெனிஸ்கஸ் வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ‘முட்டி ஜவ்வு’ என்றே சொல்லிவிடுவார்கள், போதாக்குறைக்கு ஏசிஎல் போன்ற தசைநார்களுக்கும் அதே பேர்தான், அதனால் யாராவது “எனக்கும் ஜவ்வு கிழிஞ்சது, எண்ணெய் போட்டே சரியாயிடுச்சு” என்று ஆறுதல் சொன்னால் எது கிழிந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காலை நீட்டி நிற்கும்போது மூட்டில் இறங்கும் எடையில் ஏறத்தாழ பாதியை மெனிஸ்கஸ்கள் தாங்குகின்றன. முட்டியை 90 பாகை மடக்கினால் அது 85 விழுக்காடு வரை ஏறுகிறது. ஆகவே சமதரையில் நடக்கும்போது ஒன்றுமில்லை, படி இறங்கும்போதும் குந்தும்போதும் அரைமண்டியில் நிற்கும்போதும்தான் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், டான்ஸ் வகுப்புக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

இப்போது டிஸ்காய்ட். சிலருக்குப் பிரிமணையின் நடுவில் ஓட்டையே இருக்காது, அல்லது இருந்தும் ரொம்பச் சின்னதாக இருக்கும். பிறையாக இருக்க வேண்டியது வட்டாக, தடித்து, கீழ்க்கால் எலும்பின் பரப்பைப் பெருமளவு மூடிக் கிடக்கும். இது கிட்டத்தட்ட எப்போதும் வெளிப்பக்க மெனிஸ்கஸில்தான் வரும். உலக அளவில் வெளிப்பக்கத்துக்குச் சொல்லப்படும் கணக்கு 0.4 முதல் 17 விழுக்காடு வரை, உட்பக்கத்துக்கு 0.1 முதல் 0.3 விழுக்காடுதான். முதல் கணக்கு ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது என்றால், ஒன்று, இனத்துக்கு இனம் மாறுகிறது, ஜப்பான், கொரியா போன்ற கிழக்காசிய நாடுகளில் மேற்கைவிட அதிகம். இன்னொன்று, தொந்தரவே இல்லாதவர்கள் ஸ்கேன் எடுப்பதே இல்லை. இங்கே சிங்கப்பூரில் நீங்கள் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு போகும்போது அதே பெட்டியில் டிஸ்காய்ட் மெனிஸ்கஸோடு சிலர் நின்றுகொண்டிருப்பார்கள், அவர்களுக்கே அது தெரியாது, தெரியாமலேயே கடைசி வரை நன்றாக இருந்துவிட்டும் போவார்கள்.

“நான் கர்ப்பமா இருந்தப்போ ஏதாச்சும் தப்பா செஞ்சிட்டேனா?” என்று அம்மாக்கள் கேட்பதுண்டு. இல்லை. 1889-ல் யங் என்பவர் ஓர் இறந்த உடலின் முட்டியில் இதைப் பார்த்து எழுதினார், அப்போதிலிருந்தே ஏன் இப்படி என்ற கேள்வி இருக்கிறது. 1948-ல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஸ்மைலி ஒரு விளக்கம் கொடுத்தார்: கருவில் எல்லோருக்கும் மெனிஸ்கஸ் வட்டாகத்தான் இருக்கும், பிறகு நடுப்பகுதி கரைந்து பிறையாகும், சிலருக்கு அது கரையாமல் நின்றுவிடுகிறது என்று. கேட்க நன்றாக இருந்தது, ஆனால் 1957-ல் கப்லன் கரு வளர்ச்சியை ஆராய்ந்து, எந்தக் கட்டத்திலும் சாதாரண மெனிஸ்கஸ் வட்டாக இருப்பதில்லை என்று காட்டினார். அதன்பின் இது பிறவி அமைப்பு வேறுபாடு என்ற அளவில்தான் பேச்சு நிற்கிறது. சாப்பிட்டது, வேலைக்குப் போனது, படி ஏறியது, எதற்கும் இதில் பங்கில்லை. பிள்ளை பரதம் ஆடியதாலோ ஃபுளோர்பால் விளையாடியதாலோ அந்த வடிவம் வந்துவிடவும் இல்லை.

வடிவம் மட்டும் வேறாக இருந்தால் பரவாயில்லை. உள்ளே இழைகளின் நெசவும் வேறு. சாதாரண மெனிஸ்கஸில் கொலாஜன் இழைகள் பெரும்பாலும் வளைவை ஒட்டிச் சுற்றி ஓடும், எடை இறங்கும்போது வெளியே பிதுங்காமல் இழுத்துப் பிடிப்பது அவைதான். டிஸ்காய்டில் அந்த இழைகள் குறைவாகவும் ஒழுங்கற்றும் இருக்கின்றன. தடிமனான ஒரு பொருள், உள்ளே கட்டு தளர்ந்தது, ஒவ்வொரு தடவை முட்டி மடங்கும்போதும் இரண்டு எலும்புக்கு நடுவில் அரைபடுகிறது. நாளடைவில் அதன் நடு அடுக்கு கூழாகத் தளர ஆரம்பிக்கிறது. அங்கேதான் கிழிசல் தொடங்கும். அதனால்தான் டிஸ்காய்டில் அதிகம் பார்க்கிற கிழிசல் கிடைமட்டமாக, மேலடுக்கு தனி கீழடுக்கு தனி என்று பிளப்பதாக இருக்கிறது. பெரிய அடி எதுவும் பட்டிருக்க வேண்டியதில்லை. “கீழே விழவே இல்லையே, எப்படிக் கிழிஞ்சது?” என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இரத்த ஓட்டத்தையும் இங்கேயே பார்த்துவிடுவோம், ஏனென்றால் தைத்தால் ஒட்டுமா ஒட்டாதா என்பது அதைப் பொறுத்தது. பிறக்கும்போது மெனிஸ்கஸ் முழுவதும் இரத்தக் குழாய்கள் இருக்கும். வளர வளர அவை வெளி விளிம்புப் பக்கம் ஒதுங்கி, 10 வயது வாக்கில் பெரியவர்களுக்கு இருப்பது மாதிரி ஆகிவிடும். பெரியவர்களின் வெளிப்பக்க மெனிஸ்கஸில் ஓரத்து 10 முதல் 25 விழுக்காடு அகலத்துக்குத்தான் இரத்தம் போகிறது என்று ஆர்னோஸ்கியும் வாரனும் 1982-ல் காட்டினார்கள். ஓரத்தில் கிழிந்தால் தையல் பிடிக்க வாய்ப்பு உண்டு, உள்பக்கம் கிழிந்தால் தானாக ஆறுவது கடினம். குழந்தைகளுக்கு ஆறும் வாய்ப்பு கூடுதல் என்பதும் இதனால்தான்.

இந்த வடிவத்தை மூன்று வகையாகப் பிரித்தவர் ஜப்பானிய மருத்துவர் மசாகி வதனபே. முட்டிக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பியை உருப்படியான ஒரு கருவியாக்கியவரும் அவர்தான். அவருடைய ஆசிரியர் டகாகி 1918-லேயே டோக்கியோவில் ஓர் இறந்த உடலின் முட்டிக்குள் கருவி விட்டுப் பார்த்திருந்தார். வதனபே 1962-ல் அதே வழியாக உள்ளே போய்க் கிழிந்த மெனிஸ்கஸ் துண்டை வெட்டி எடுத்தார். இன்று ‘கீஹோல் ஆபரேஷன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குத் தொடக்கம் அங்கே இருக்கிறது. அவர் சொன்ன வகைகள்: முழு வட்டு, அதாவது எலும்புப் பரப்பை முழுதாக மூடுவது. அரைகுறை வட்டு, முக்கால்வாசி மூடுவது. மூன்றாவது ரிஸ்பெர்க் வகை. இதில் வடிவத்தைவிடப் பிடிமானம்தான் விஷயம். பின்பக்கம் கீழ்க்கால் எலும்போடு இருக்க வேண்டிய கட்டு இருக்காது, தொடை எலும்பிலிருந்து வரும் ரிஸ்பெர்க் தசைநார் ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே கால் நீட்டி மடக்கும்போதெல்லாம் மெனிஸ்கஸ் இடம் மாறும், திரும்பி வரும். இப்போது மருத்துவர்கள் வகையின் பேரைவிட, எங்கே பிடிமானம் விட்டிருக்கிறது, முன்னாலா பின்னாலா, என்பதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அதுதான் நியாயமும்கூட.

அறிகுறிகள் வயதுக்கு ஏற்ப மாறும். சின்னப் பிள்ளைகளில், பெரும்பாலும் 5-லிருந்து 10 வயதுக்குள், வலியைவிடச் சத்தம்தான் முதலில் வரும். உட்கார்ந்திருந்து காலை நீட்டும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும், முட்டியின் வெளிப்பக்கம் ஏதோ குதிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிள்ளைகள் இதை நண்பர்களுக்கு வித்தை காட்டுவதும் உண்டு. எழுந்திருக்கும்போது எல்லோருக்கும் ‘பட் பட்’ என்று வருமே, வலியில்லாத அந்தச் சொடக்குச் சத்தத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிஸ்காய்டில் வருவது கனமான சத்தம், ஏறக்குறைய ஒரே கோணத்தில், திரும்பத் திரும்ப வரும்.

பதின்ம வயதில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிழிசல் சேர்ந்திருக்கும். முட்டியின் வெளிப்பக்கம் வலி, விளையாடிய மறுநாள் வீக்கம், கால் முழுதாக நீட்ட வராமல் போவது, நடந்துகொண்டிருக்கும்போது கால் சட்டென்று விட்டுவிடுவது. உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை சூடு பிடிக்கும் நேரம் இது, அதனால் “பயிற்சி ஜாஸ்தி, ரெஸ்ட் எடுத்தா போயிடும்” என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போவது ரொம்ப சகஜம். சிலருக்குப் பள்ளிக் காலமெல்லாம் ஒன்றும் தெரியாமல் இருந்து, பெரும்பாலும் ராணுவத்தில் செய்யும் கட்டாயத் தேசிய சேவையில் பயிற்சி கடுமையாகும்போதுதான் வெளியே வரும். இன்னும் சிலருக்கு நாற்பதில், அப்போது அது டிஸ்காய்டா, வயதானதால் வந்த தேய்மானமா, இரண்டும் சேர்ந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதில் ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். முட்டி ஒரு கோணத்தில் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால், கிழிந்த துண்டு நடுவில் போய்ச் சிக்கியிருக்கலாம். நீவிவிட்டு, இழுத்துவிட்டு நேராக்கப் பார்க்க வேண்டாம். அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம் அது. சிறுபிள்ளை என்றால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது.

மற்றபடி அவசரமில்லாத வலிக்கு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான், அரசாங்கப் பலதுறை மருந்தகம். நேராகத் தனியார் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகலாம், சீக்கிரம் பார்த்துவிடுவார்கள், ஆனால் பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம், பிறகு எம்ஆர்ஐ, அறுவை சிகிச்சை என்று நீளும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். டாக்டர் முதலில் கையால்தான் பார்ப்பார். முட்டியை மடக்கி, பாதத்தைத் திருப்பி, மெதுவாக நீட்டுவார். மெக்மரே சோதனை என்று பேர், உள்ளே மாட்டுகிறதா, சத்தம் வருகிறதா, வெளிப்பக்க மூட்டுக் கோட்டில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்ப்பதற்கு. எக்ஸ்ரேயில் மெனிஸ்கஸ் தெரியாது. ஆனால் வெளிப்பக்கம் எலும்புகளுக்கிடையே இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருப்பது, தொடை எலும்பின் உருண்டை கொஞ்சம் சதுரப்பட்டுப் போயிருப்பது போன்ற குறிப்புகள் கிடைக்கலாம். எக்ஸ்ரே எதுவும் காட்டாமல் இருப்பதும் சகஜம்தான்.

எம்ஆர்ஐயில்தான் படம் தெளியும். பக்கவாட்டில் 5 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டாகப் படம் எடுத்துக்கொண்டு போனால், சாதாரண மெனிஸ்கஸில் முன்பகுதியும் பின்பகுதியும் சேர்ந்து ஒரே பட்டையாகத் தெரிவது ஓரிரு படங்களில் மட்டும்தான், அப்புறம் நடுவில் ஓட்டை வந்துவிடும். தொடர்ந்து மூன்று படங்களிலோ அதற்கு மேலோ பட்டையாகவே தெரிந்தால் டிஸ்காய்ட். முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் அகலத்தையும் அளப்பார்கள். சாதாரணமாக 12 மில்லிமீட்டர் வாக்கில் இருப்பது 15-ஐத் தாண்டியிருக்கும். இருந்தாலும் எம்ஆர்ஐ சொன்னதே வேதம் கிடையாது. ரிஸ்பெர்க் வகையில் வடிவம் ஏறத்தாழ சாதாரணமாக இருக்கலாம், அப்போது ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தாலும் பிள்ளையின் முட்டி ‘டொக்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: சின்னப் பிள்ளைகளின் மெனிஸ்கஸில் இரத்தக் குழாய்கள் அதிகம் என்று சொன்னேன் அல்லவா, அதுவே படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்து கிழிசலாக எழுதப்படலாம். ஆகவே ரிப்போர்ட்டோடு கையால் பார்த்த டாக்டரின் முடிவும் சேர வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். தொந்தரவு இல்லையென்றால் சிகிச்சை இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தற்செயலாகத் தெரிந்தது என்றால், பிற்காலத்தில் கிழிந்துவிடுமோ என்று இப்போதே வெட்டுவதில்லை. பிள்ளையை விளையாட வேண்டாம் என்று வீட்டில் உட்கார வைப்பதும் அவசியமில்லை. வலி வந்தால் சொல்லச் சொல்லுங்கள், போதும். சத்தம் மட்டும் வருகிறது, வலி இல்லை, வீக்கம் இல்லை, கால் முழுதாக நீள்கிறது என்றாலும் பெரும்பாலும் கவனித்துக்கொண்டு காத்திருப்பதுதான். லேசான வலிக்கு முதலில் பிசியோதெரபி, தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் பலப்படுத்துவார்கள். வட்டு பிறையாக மாறாது, ஆனால் முட்டியைச் சுற்றிப் பிடிமானம் கூடினால் பலருக்கு வலி அடங்கும்.

எண்ணெய் நீவுவது, சீன வைத்தியரான சின்சேயிடம் போவது, குளுக்கோசமைன் மாத்திரை வாங்குவது எல்லாம் நம் ஊரில் நடப்பதுதான். நீவினால் தசை இறுக்கம் தளர்ந்து சுகமாக இருக்கும், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறவி வடிவத்தை எந்த எண்ணெயும் மாத்திரையும் மாற்றாது, அவ்வளவுதான். முட்டியை முறுக்கி ‘சொடக்கு எடுக்கிறேன்’ என்று யாராவது வந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

வலி விடவில்லை, முட்டி மாட்டுகிறது, கிழிசல் இருக்கிறது என்றால் அறுவை சிகிச்சை. இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் கிழிந்த மெனிஸ்கஸை முழுதாக எடுத்துவிடுவதுதான் வழக்கம், டிஸ்காய்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வலி போய்விடும், ஆள் நடந்து வீட்டுக்குப் போவார், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் 1948-ல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், அப்படி எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, மூட்டு இடைவெளி குறுகுவதையும் எலும்பு தட்டையாவதையும் ஓரத்தில் வரம்பு கட்டுவதையும் எழுதி வைத்தார். வேடிக்கை என்னவென்றால், ஸ்மைலியின் டிஸ்காய்ட் கட்டுரை வெளிவந்த அதே பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில், அதற்கு நேர் முன் பக்கங்களில்தான் இதுவும் வந்தது. ஃபேர்பேங்க் சொன்னது மருத்துவ உலகத்தின் காதில் ஏறப் பல ஆண்டுகள் ஆயின. அதிலும் வெளிப்பக்க மெனிஸ்கஸை எடுத்தால் பாதிப்பு உட்பக்கத்தைவிட மோசம், ஏனென்றால் வெளிப்பக்கம் கீழ்க்கால் எலும்பின் பரப்பும் கொஞ்சம் மேடிட்டுத்தான் இருக்கும், உருண்டையும் மேடும் சந்திக்கும் இடத்தில் பிரிமணையையும் எடுத்துவிட்டால் எல்லா எடையும் குருத்தெலும்பின் ஒரே இடத்தில் போய் விழும். பத்து வயதில் முழுதாக எடுத்துவிட்டால் முப்பது வயதிலேயே தேய்மானம் வாசலில் வந்து நிற்கலாம்.

இப்போது செய்வது வேறு. கீஹோல் வழியாக உள்ளே போய், நடுவில் நிறைந்திருக்கும் பகுதியை மட்டும் செதுக்கி எடுத்து, வட்டைப் பிறையாக்குகிறார்கள். சாசரைசேஷன் என்று பேர். ஓரத்தில் 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைப்பது பலர் பின்பற்றும் அளவு. செதுக்கியபின் மிச்சமிருக்கும் ஓரத்தைக் கொக்கி போட்டு இழுத்துப் பார்ப்பார்கள், கிழிசல் இருந்தால் தைப்பார்கள், பிடிமானம் விட்டிருந்தால் மூட்டு உறையோடு சேர்த்துத் தைத்து நிறுத்துவார்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் அழகாகச் செதுக்கியும் பயனில்லை, ஆடுகிற ஓரம் மறுபடியும் கிழியும். ஆகவே அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி “எப்போ சரியாகும்?” என்பது மட்டும் அல்ல. எவ்வளவு மிச்சம் வைப்பீர்கள், ஓரம் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பீர்களா, தைக்க வேண்டி வந்தால் அதே நேரத்தில் தைப்பீர்களா, எலும்பு முனையின் குருத்தெலும்பு எப்படி இருக்கிறது? கடைசிக் கேள்வி ஏனென்றால், டிஸ்காய்ட் உள்ள சில பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் வெளிப்பக்க உருண்டையில் குருத்தெலும்போடு சின்ன எலும்புத் துண்டு ஒன்று தளர்ந்து போவதும் உண்டு, அறுவைக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். பிறகு எத்தனை நாளைக்குத் தொடர்ந்து பார்ப்பார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

அறுவைக்குப் பிறகு வீட்டில் எப்படி இருக்கும் என்பது தைத்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்து அடியோடு மாறும். செதுக்கியது மட்டும்தான் என்றால் ஊன்றுகோல் சில நாள்களுக்கு, அப்புறம் மெதுவாக நடை. தைத்திருந்தால் ஏறத்தாழ ஆறு வாரம் கட்டுப்பாடு, கால் ஊன்றுவதில் அளவு, 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, முட்டிக்குப் பட்டை. குந்தி உட்காரக் கூடாது, தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது. நம் வீடுகளில் இது சாமி கும்பிடும்போதும் விருந்துச் சாப்பாட்டின்போதும் மறந்துபோகும், பாட்டி “கொஞ்ச நேரம்தானே உக்காரு” என்பார், பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஓட்டம், குதிப்பு, சட்டென்று திரும்புகிற விளையாட்டுகள் எல்லாம் பல மாதங்கள் கழித்து, பெரும்பாலும் 4 முதல் 6 மாதம், அதுவும் தொடைத் தசை மற்றக் காலுக்குச் சமமாக வந்த பிறகு. தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருந்தால், பிசியோவிடம் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருடம் தள்ளி வைத்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கத்தின் அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப் 2015 நவம்பரிலிருந்து ஏற்கனவே உள்ள உடல்நிலைகளையும் சேர்த்துத்தான் காப்புறுதி கொடுக்கிறது, அறுவைச் செலவில் ஒரு பகுதிக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் இருக்கிறது. தனியாக எடுத்த கூடுதல் காப்புறுதியில் பிறவி அமைப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்துப் பாருங்கள், அங்கேதான் சிக்கல் வரும். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு முதலாளி எடுத்திருக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் ஆண்டு வரம்பு 2023 ஜூலையிலிருந்து குறைந்தது 60,000 வெள்ளி. வேலையிடத்தில் வழுக்கியோ முறுக்கியோ முட்டி வீங்கினால், அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள், டாக்டரிடமும் எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்லிப் பதிவாக்குங்கள். பிறகு எம்ஆர்ஐயில் ‘டிஸ்காய்ட்’ என்று வந்துவிட்டால் ‘இது உனக்குப் பிறவியிலேயே இருந்தது’ என்ற பேச்சு எழலாம். வடிவம் பிறவியிலிருந்து இருந்திருக்கும், கிழிந்தது அன்றாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு விஷயம், அதை எடுத்துச் சொல்ல அன்றைய பதிவு கையில் இருக்க வேண்டும்.

மகனுக்குத் தேசிய சேவை வருகிறது என்றால், எம்ஆர்ஐ ரிப்போர்ட், அறுவைக் குறிப்பு, கடைசியாகப் பார்த்த ஸ்பெஷலிஸ்ட்டின் கடிதம் மூன்றையும் மருத்துவப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அறிகுறியே இல்லாத டிஸ்காய்டும், தைத்து நான்கு மாதமே ஆன முட்டியும் ஒன்றல்ல, எது என்று அங்கே இருக்கும் டாக்டருக்குக் காகிதத்தில்தான் தெரியும். உடல்தகுதிச் சோதனையின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகிறேன் என்று அறுவை முடிந்த கையோடு பார்க்கில் ஓடிக் காட்டுவதற்கு அவசியமில்லை.

அப்புறம் மற்ற முட்டி. டிஸ்காய்ட் இரண்டு கால்களிலும் இருப்பது அரிதே அல்ல, அதனால் ஒரு பக்கம் கண்டுபிடித்தவுடன் மறுபக்கத்தையும் டாக்டர் கையால் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வலி இல்லை, மாட்டவும் இல்லை என்றால் அதற்கு ஸ்கேன்கூட எடுக்க வேண்டியதில்லை.